மாமாவுக்குச் சுகர்; மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் தாய்மாமா. வயது 62, சொந்த நிலத்தில் விவசாயம். சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசியாகப் பார்த்த மூன்று மாத சுகர் சராசரி (ஹெச்பிஏ1சி) 10.2. போன சம்பா நடவு சமயம் வரப்பில் மயங்கி விழுந்திருக்கிறார். அதற்கப்புறம் பாதி நாள் மாத்திரை போடுவதில்லை. டாக்டர் இன்சுலின் என்று சொன்னதும் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் அத்தைக்கும் அவருக்கும் சாப்பாட்டை வைத்துத் தினமும் சண்டை. சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகள் கேட்கிறார்: "மாமாவிடம் எப்படிச் சொன்னால் கேட்பார்?"

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில், தொற்றா நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் நிறையக் கேட்டிருக்கிறேன். என் பதில்: சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். அவர் மாத்திரையை ஏன் விடுகிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். சொல்பேச்சு கேட்காதவர் என்று பெயர் வாங்கிய சுகர்காரர்கள் பெரும்பாலானவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். அது நமக்குக் காரணமாகப் படாது, அவ்வளவுதான்.

உங்கள் மாமாவின் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்பது வருஷ சுகர், வரப்பில் மயக்கம் என்றால் அவர் போடும் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக அதிகம் வருவது அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை அபாயமாகக் கீழே இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை இன்சுலின் விட வைத்துக்கொண்டே இருக்கும். அதைப் போட்டதும் சாப்பிட வேண்டும். இப்போது மாமாவின் காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். ஐந்தரைக்கு எழுந்து ஒரு காபி. அத்தை மறக்காமல் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மடை பார்க்கப் போவார். நடவு ஆள் வந்துவிட்டால் வீடு திரும்பிச் சாப்பிட பத்து மணிகூட ஆகும். எட்டரை மணிக்கே கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டும்.

விழுந்தவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த மாத்திரைதான் என்னைத் தள்ளியது என்றுதான். வேலை இருக்கிற நாளில் மாத்திரையை விடுகிறார், வீட்டில் இருக்கிற நாளில் போடுகிறார். இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே ஒரு வழி செய்துகொண்டார். அது தப்பான வழி, ஆனால் வழி. போனில் தினமும் "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன், போட்டேன்" என்றுதான் பதில் வரும். அடுத்த முறை வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: "மாமா, அன்னைக்கு வயல்ல மயக்கம் வந்துச்சே, அதுலேருந்து அந்த மாத்திரையைப் போடவே பயமா இருக்கா?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நடுவில் நீங்கள் பேசாதீர்கள்.

என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். வேறு காரணங்களும் நிறையப் பார்த்திருக்கிறோம். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும். வயலில் இருக்கும்போது அவசரமாக எங்கே போவது என்று விட்டவர்கள் உண்டு. அதற்குச் சாப்பாட்டோடு போடுவதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றச் சொல்வதும் தீர்வு. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கும்; அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும், சிலருக்கு அந்த இடத்தில் அரிப்பும் புண்ணும் வரும். அதை அத்தையிடமே சொல்லக் கூச்சப்படுகிறவர் உங்களிடம் எங்கே சொல்லப்போகிறார்? காசு ஒரு காரணம். அட்டையில் இருக்கிற பொடி எழுத்து தெரியாதது ஒரு காரணம். மனச்சோர்வும் ஒன்று, சுகர் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் வருகிறது. முன்பு டீக்கடையில் உட்கார்ந்து பேசியவர் இப்போது திண்ணையை விட்டு நகருவதில்லை, தூக்கமும் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும், ஒன்று விடாமல், ஒரு பாயில் கொட்டுங்கள். பீரோ மேல் இருப்பது, சாமி மாடத்தில் இருப்பது, சட்டைப் பையில் பாதி கிழித்த அட்டை, பழைய மஞ்சப்பையில் கிடப்பது எல்லாமே. அப்புறம் ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பெரிதாக அச்சடித்த கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துத் தாளில் எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் கொடுத்த அட்டையிலும் கிளிமிபிரைடு இருக்கும், மன்னார்குடியில் தனியார் டாக்டர் எழுதிய அட்டையிலும் வேறு பெயரில் அதே கிளிமிபிரைடு இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் வரப்பில் விழாமல் என்ன செய்வார்? இப்படி இரட்டை மாத்திரை போட்டு மயங்கி வந்தவர்களை எங்கள் பிரிவில் அடிக்கடி பார்ப்போம். காலாவதியானதைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அந்தத் தாளோடும் பையோடும் டாக்டரிடம் போங்கள்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் 10.2 அல்ல, வரப்பில் விழுந்தது. அதைச் சொல்லாவிட்டால் 10.2ஐப் பார்த்து மாத்திரையைக் கூட்டத்தான் செய்வார்கள். சொன்னால், நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அல்லது லோ சுகர் அதிகம் வராத வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் வகைக்கு மாற்றலாம். காப்புரிமை முடிந்தபின் அவற்றின் விலை நன்றாக இறங்கிவிட்டது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மாத்திரை உடம்பில் தங்கி, பழைய அளவே அதிகமாகிவிடும்.

இன்னொன்று. உள்ளே கூடவே போங்கள், கேட்பதைக் கேளுங்கள், ஆனால் கடைசியில் ஐந்து நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். ஆண்களுக்குச் சுகரால் தாம்பத்தியத்தில் வரும் பிரச்சினை சாதாரணம். தங்கை மகள் பக்கத்தில் நிற்கும்போது அதை அவர் எப்படிக் கேட்பார்?

லோ சுகர் வந்தால் என்ன செய்வது என்று அத்தைக்கும், வயலில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் லோ. நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி முதலில் வரும். அப்புறம் பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். "என்ன இன்னைக்கு இப்படிக் கத்துறாரு" என்று அத்தை நினைக்கும் சில சண்டைகள்கூட லோ சுகராக இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு தடவை மீட்டரில் குத்திப் பாருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மாமாவின் மேல்சட்டைப் பையில் ஒரு சின்ன பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். இனிப்பே தொடக் கூடாது என்று மிரட்டி வைத்த மனிதரிடம், உயிர் காக்க இனிப்பை நீங்களே கொடுத்து வைக்கிறீர்கள். அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வர இதுவே பாதி வழி.

ஊசிக்கு வருகிறேன். "இன்சுலின் போட ஆரம்பிச்சா அவ்வளவுதான்" என்ற பயத்துக்குப் பின்னால் அநேகமாக ஓர் ஆள் இருப்பார். ஊசி ஆரம்பித்த வருஷமே கால் எடுத்த பெரியப்பா, ஊசி போட்டும் கண் போன பக்கத்து வீட்டுக்காரர். யார் என்று கேளுங்கள். அந்தப் பெரியப்பா பத்துப் பதினைந்து வருஷம் சுகரைக் கவனிக்காமல் விட்டு, கால் அழுகும் நிலையில்தான் ஊசிக்கு வந்திருப்பார். கால் போனது விட்ட வருஷங்களால், பழி ஊசி மேல் விழுந்துவிட்டது. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை 5,102 பேரைத் தொடர்ந்து கவனித்த யூகேபிடிஎஸ் என்ற ஆய்வில், சுகர் கண்டுபிடிக்கும்போதே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் பாதியளவு போயிருந்ததும், வருஷம் போகப் போக அது இன்னும் குறைவதும் தெரியவந்தது. ஒன்பது வருஷத்தில் ஊசி தேவைப்படுவது மாமா செய்த குற்றத்துக்குத் தண்டனை இல்லை. "ஒழுங்கா இல்லைன்னா ஊசிதான்" என்று யாராவது மிரட்டியிருந்தால், அந்த வார்த்தையை முதலில் நிறுத்துங்கள். சில பேருக்குச் சர்க்கரை இறங்கியபின் ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோகூட முடிகிறது. அதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். ராத்திரி ஒரே ஓர் ஊசியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

ஊசி என்று முடிவானால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். மெடிக்கலில் "இன்சுலின் ஊசி" என்று மட்டும் கேட்டு வாங்காமல், குப்பியைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் கட்டி மாதிரி தடித்துவிடும், அங்கே மருந்து சரியாக இறங்காது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

வைப்பது எங்கே? திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில், உறையாத இடத்தில். ஃபிரீசரில் போனால் அந்த மருந்து வீண். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம், ஆனால் சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காது. மண்பானை வழியை நாங்கள் சொல்லிக்கொடுப்போம். பெரிய பானையில் மணல் போட்டு நனைத்து, நடுவில் சின்னப் பானை வைத்து, அதற்குள் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரத்துணியால் மூடி நிழலில் வைப்பது. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாத மாத்திரை கையிருப்பும் ஒரு மண்பானையும் டெல்டாவில் சுகர் உள்ள எந்த வீட்டிலும் இருக்க வேண்டியவை.

சரி, சாப்பாட்டுச் சண்டை. அத்தை போலீஸ் வேலை பார்க்கிறார், மாமா ஒளித்துத் தின்கிறார். இதில் யாரும் ஜெயித்துப் பார்த்ததில்லை. நெல் விளைகிற ஊரில், நெல்லையே விளைவிக்கிறவரிடம், சோறு சாப்பிடாதே என்று சொல்வது நடக்கிற காரியமா? மூன்று வேளை சப்பாத்திக்கு மாற்றுவதும் வேண்டாம். நான்கு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் சர்க்கரைக்கு ஒன்றுதான். ராகிக் கூழும் கஞ்சியும் உடம்புக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். கரைத்துக் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும்.

பாரம்பரிய அரிசி பற்றிக் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தது பெரிய காரியம், அவரை மதிக்கிறேன். பட்டை தீட்டாமல் சாப்பிட்டால் நார்ச்சத்து இருக்கிறது, மெதுவாக ஏறும், அதுவும் உண்மை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவும் அரிசிதான். சுகருக்கு நல்லது என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் போச்சு. இதேபோல் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் சர்க்கரையை ஏற்றுபவைதான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிக் காபி என்று நாளுக்கு நான்கு தடவை குடிப்பவர்களின் ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்யும் வழி ஒன்று சொல்கிறேன். தட்டில் முதலில் சோறு வைக்காதீர்கள். முதலில் கூட்டு, பொரியல், கீரை, ஒரு கிண்ணம் நிறைய. வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரை, அவரை, புடலை, எது கொல்லையில் காய்க்கிறதோ அது. கூடவே ஒரு துண்டு மீனோ முட்டையோ சுண்டலோ. அது பாதி முடிந்ததும் சோறு. காய், பருப்பு, மீன் முதலிலும் மாவுப்பொருள் கடைசியிலும் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது. மீட்டரில் நீங்களே பார்க்கலாம். ஒரு சின்னக் கிண்ணம் சோற்றில், அதாவது 150 கிராமில், சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அத்தை வழக்கமாகப் போடும் கரண்டிக் கணக்கில் ஒன்று மட்டும் குறையட்டும், அதுவும் வீட்டில் எல்லோருக்கும். மாமாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அவர் நோயாளி, மற்றவர்கள் மனிதர்கள் என்று ஆகிவிடும். வீட்டில் முறுக்கு டப்பாவும் மிக்ஸர் பாக்கெட்டும் இல்லாவிட்டால் எதற்கும் யாரும் காவல் இருக்க வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அல்வா பாக்கெட் வாங்கிப் போகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கல்யாணப் பந்தியில் அசோகா அல்வா வைத்தால் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எல்லோர் முன்னாலும் "அவருக்குச் சுகர், வைக்காதீங்க" என்று குரல் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அடுத்த மாதம் முழுக்க ஒளித்துத் தின்ன வைக்கும்.

மீட்டரைத் தேர்வு மார்க் மாதிரி பயன்படுத்தாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், காலை வெறும் வயிற்றிலும், ஏதாவது ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் இப்போதைக்குப் போதும். ஊசி ஆரம்பித்தாலோ லோ வந்தாலோ கூட்ட வேண்டும். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள். ஏறியிருந்தால் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்காமல் "நேத்து என்ன வித்தியாசமா நடந்துச்சு?" என்று கேளுங்கள். 10.2 என்றால் நாள் முழுக்கச் சராசரியாகச் சுமார் 246 ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை 7க்கு ஒரே மூச்சில் கொண்டுவர நினைக்க வேண்டாம். மயங்கி விழுந்த 62 வயதுக்காரருக்கு டாக்டரே கொஞ்சம் தளர்த்தி இலக்கு வைக்கலாம். 9க்கு வந்தாலே கொண்டாடுங்கள். நான் மேலே சொன்ன அதே ஆய்வில், சராசரி ஒரு புள்ளி குறைந்தாலே கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. நடைப்பயிற்சி பற்றி வயலில் உழைக்கிறவரிடம் நீளமாகப் பேச வேண்டாம். அறுவடை முடிந்த சும்மா மாதங்களில் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தெருவில் பத்து நிமிஷம், அத்தையோடு.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அவருடைய கால். டெல்டா விவசாயிக்குக் கால் எப்போதும் சேற்றில். விரலிடுக்கில் சேற்றுப்புண், நத்தை ஓடு கிழிப்பது, வரப்பில் கருவேல முள். உணர்ச்சி இருக்கிற காலுக்கு வலிக்கும், பார்த்துவிடுவார். ஒன்பது வருஷம் சர்க்கரை ஏறிக் கிடந்த காலுக்கு வலிக்காமலே போகலாம். வலி இல்லை என்பதால் புண் சின்னது என்று நினைப்பார்கள். அங்கேதான் கால் போகிறது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொடும்போது வலதா இடதா என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது, டாக்டர் பார்க்க வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. மாமா தன் காலில் ஒரு விரலை நீங்கள் தொட்டதே தெரியவில்லை என்று தானே உணர்கிற அந்த நேரம், நீங்கள் ஒரு வருஷம் போனில் சொன்னதைவிட அதிகம் பேசும்.

அப்புறம் தினப்படி. வயலிலிருந்து வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது. பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய், விரலிடுக்குக்கு வேண்டாம். ராத்திரி வெளிச்சத்தில் அத்தை உள்ளங்காலைப் பார்ப்பது. வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். காலாணியைப் பிளேடால் சீவக் கூடாது. வெளியே போக, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. கோயிலுக்குப் போனால் உச்சிவெயிலில் கல் தரையில் பிரகாரம் சுற்ற வேண்டாம், காலையிலோ சாயங்காலமோ போகட்டும். சூடு தெரியாமல் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொப்புளமோ நிறம் மாறிய தோலோ சீழோ தெரிந்தால் மஞ்சள் வைத்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவமனை.

ஆவாரம்பூ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று எல்லோருக்கும் தெரியும். ஆவாரம்பூத் தண்ணீர், வெந்தயம், பாகற்காய் எல்லாம் உணவாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுவதில்தான் ஆட்சேபம். சித்தா பார்க்க வேண்டும் என்றால் அரசு சித்தா டாக்டரைப் பாருங்கள், இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். பெயர், கம்பெனி எதுவும் எழுதாத பொட்டலப் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஆங்கில சுகர் மாத்திரையையே அரைத்துக் கலப்பது உண்டு.

புரட்டாசி சனிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை விரதங்களை விடச் சொல்லாதீர்கள். அந்த நாளில் எந்த மாத்திரையை விட வேண்டும், எதைப் போட வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெறும் வயிற்றில் மது குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் அங்கே மறைக்க வேண்டாம். மாத்திரையோடு சேர்ந்தால் நடுராத்திரியில் லோ சுகர் வரும்.

செலவைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் மாதாமாதம் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் அதே ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்தான். அந்த அக்காவின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல துணை அவர். வெளியில் வாங்கும் மருந்துக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை, சிறுநீரில் புரதம், கால் மூன்றும் பார்த்தாக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒரே நாளில் முடிகிற மாதிரி நீங்கள் லீவு போட்டுக் கூட்டிப்போனால், அது நூறு போனுக்குச் சமம். கண்ணில் திடீரென்று கரும்புள்ளி மிதப்பது, மூச்சு வாங்கி வேர்ப்பது, வாந்தியோடு சர்க்கரை 300க்கு மேல் நிற்பது ஆகியவற்றுக்கு மட்டும் எந்தத் தேதியும் பார்க்க வேண்டாம். சுகர்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

ஒரு வேளை எல்லாம் செய்தும் அவர் மாத்திரையை விட்டால்? விடுவார், சில நாள். அது அவர் உடம்பு, அவர் முடிவு. 62 வயது மனிதரை நீங்கள் வளர்க்க முடியாது. மாத்திரையை வாங்கி வைப்பது, அட்டவணை எழுதுவது, டாக்டரிடம் கூடப் போவது என்று அவர் தலையில் இருக்கும் வேலையில் எதை வாங்கிக்கொள்ளலாம் என்று அவரையே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றதைச் செய்யாதீர்கள். அத்தையிடமும் தனியாகப் பேசுங்கள். கணவருக்கு ஏதாவது ஆனால் தன்னைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அவர் கத்துகிறார். "ரிப்போர்ட் நல்லா இல்லேன்னா அது உங்க தப்பு இல்லை அத்தை" என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. மாமாவுக்குச் சுகர் என்றால் அவர் உடன்பிறந்த தங்கையான உங்கள் அம்மாவுக்கு வர வாய்ப்பு அதிகம், அதனால் உங்களுக்கும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சுகர், இன்னும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். மாமாவைக் கூட்டிப்போகும் அன்றைக்கே அம்மா, அத்தை, நீங்கள் மூவரும் காலையில் சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுத்துவிடுங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நல்லது, 100 முதல் 125 என்றால் இப்போதே சோற்றைக் குறைக்க வேண்டிய கட்டம், 126ஐத் தொட்டால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நீங்களும் வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டுவதை மாமா பார்க்கட்டும்.